மாத்திரை அட்டையின் சத்தம்: காசிமேட்டிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

இந்த ஆய்வில் வருபவருக்கு வயது 26. காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் சுமக்கும் வேலை. வலி நிவாரண மாத்திரைக்கு அடிமையாகி, மறுவாழ்வு மையம் ஒன்றில் ஆறு மாதம் தங்கித் தெளிந்து வீடு திரும்பினார். சில வாரங்களிலேயே மறுபடி விழுந்தார். அதன் பிறகு ஒரு நாள் மூச்சு அடங்கும் நிலையில் ஆம்புலன்ஸில் ஏற்றப்பட்டு, மயிரிழையில் பிழைத்து எங்களிடம் வந்தார். அவரும் அவருடைய அம்மாவும் சம்மதம் தந்த பிறகே இதை எழுதுகிறேன். ஆளைக் காட்டிக்கொடுக்கக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

வடசென்னையில் போதை மீட்பு ஆலோசகராக வேலை செய்யும் எனக்கு இந்த வரிசை புதிதல்ல. தெளிவது, திரும்புவது, விழுவது. ராயபுரத்திலும் வியாசர்பாடியிலும் கொருக்குப்பேட்டையிலும் எந்தத் தெருவில் கேட்டாலும் இதற்கு ஒரே விளக்கம்தான் கிடைக்கும்: "அவனுக்கு வைராக்கியம் இல்லை." இந்த இளைஞரைப் பற்றியும் அதைத்தான் சொன்னார்கள். அந்த விளக்கம் தவறு என்று உறுதியாக நம்புகிறேன். போதைக்கும் நினைவாற்றலுக்கும் உள்ள உறவைப் பற்றி நரம்பியல் ஆய்வுகள் பல பத்தாண்டுகளாகச் சேர்த்து வைத்திருக்கும் அறிவு வேறு கதை சொல்கிறது. மூளையில் ஆழமாகப் பதிந்த ஒரு நினைவுதான் அவரைக் கவிழ்த்தது. அந்த நினைவு எங்கே குடியிருக்கிறது என்று அவருடைய முதல் சிகிச்சைத் திட்டம் கேட்கவே இல்லை.

பழக்கம் பிடித்த விதம்

விசைப்படகுகள் கரை சேர்வது விடியலுக்கு முன்பு. மீன் ஏலத்துக்குப் போகும் முன்பே ஐஸ் வேலை தொடங்கிவிடும். ஐஸ் பார்களை இறக்கி, அரவை இயந்திரத்தில் தள்ளி, நொறுங்கிய ஐஸைக் கூடை கூடையாகச் சுமக்க வேண்டும். இரண்டு ஆண்டுகளில் அவருடைய வலது தோள்பட்டை இறுகிவிட்டது. கையைத் தலைக்கு மேலே தூக்க முடியாத ஒரு நாளில், கூட வேலை செய்த நண்பர் ஒரு மாத்திரை கொடுத்தார். அது டேபென்டடால். மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத கடுமையான வலி நிவாரணி. மூளையில் அபினும் ஹெராயினும் போய் ஒட்டும் அதே ஏற்பிகளில் போய் ஒட்டுவது. வலி போனது. கூடவே, அதுவரை அவர் அறிந்திராத ஒரு லேசான உணர்வும் வந்தது.

விழுங்குவதில் தொடங்கியது ஓராண்டுக்குள் ஊசிக்குப் போனது. மாத்திரை இரத்த நாளத்துக்காகச் செய்யப்பட்டதல்ல. அதில் கலந்திருக்கும் மாவுப் பொருட்கள் நாளங்களை அடைக்கும், சீழ்க்கட்டியை உண்டாக்கும். அவருடைய இடது முன்கையில் அறுத்துச் சீழ் எடுத்த தழும்புகள் இருக்கின்றன.

இந்த ஆய்வுக்கு மிக முக்கியமான விவரம், அவர் எப்போதும் ஒரே இடத்தில், ஒரே வேளையில், ஒரே ஆட்களோடு அதைச் செய்தார் என்பதுதான். படகு பழுதுபார்க்கும் இடத்தில் கரையேற்றி வைத்த பழைய படகுகளின் மறைவு. அதிகாலை இருட்டு. டீசல் வாடை, சற்றுத் தள்ளி ஐஸ் அரவை இயந்திரத்தின் கரகரப்பு, மூன்று பேர். அட்டையிலிருந்து மாத்திரைகளை ஒவ்வொன்றாக அழுத்தி எடுக்கும்போது அலுமினியத் தாள் கிழிகிற 'டிக், டிக்' சத்தம். அதன் பிறகு சில நிமிடங்களில் போதை. இதே வரிசை நாள்தோறும், சில நாட்கள் இரண்டு முறை, ஆண்டுக்கணக்கில்.

இது ஒரு தனி மனிதரின் கதை மட்டுமல்ல. 2019இல் வெளியான தேசிய ஆய்வு, 10 முதல் 75 வயது வரையுள்ள இந்தியர்களில் ஏறக்குறைய 2.1 சதவீதம் பேர் அபின் வகைப் பொருட்களைப் பயன்படுத்துவதாகக் கணித்தது. அதில் மருந்துக்கடை வழியாக வரும் மாத்திரை, ஊசிகளுக்கும் பெரிய பங்கு உண்டு. வடசென்னை 1980களில் பிரவுன் சுகர் எனப்படும் கலப்பட ஹெராயினைப் பார்த்தது, பிறகு ஊசிகளைப் பார்த்தது. இப்போது மாத்திரையைப் பார்க்கிறது.

அட்டையின் சத்தம்

மறுவாழ்வு மையம் செங்குன்றம் தாண்டி ஒரு கிராமத்தில் இருந்தது. மாந்தோப்பு, கிணறு, காலையில் யோகா. முதல் பத்து நாட்கள் கொடுமையாகப் போயின. மூக்கொழுகல், வாந்தி, எலும்புக்குள் குடைச்சல், தூக்கமின்மை. பிறகு உடம்பு அடங்கியது. "அங்கே இருந்தவரை அந்த நினைப்பே வரவில்லை சார். சத்தியமாக வரவில்லை" என்று அவர் சொன்னபோது நான் அதை முழுமையாக நம்பினேன். அதை நம்புவதற்கு அறிவியலில் காரணம் இருக்கிறது. அங்கே நினைவூட்ட எதுவும் இல்லை.

ஜூன் மாத நடுவில், மீன்பிடித் தடைக்காலம் முடிந்து துறைமுகம் உயிர் பெற்ற வாரத்தில் வீடு திரும்பினார். எடை கூடியிருந்தது, முகம் தெளிந்திருந்தது. அம்மா கருவாடு விற்பவர். இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறார்; மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கிறார்கள். மகன் வந்த முதல் இரவு. சாப்பாடு முடிந்து அவர் தொலைக்காட்சிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பின்னால் அம்மா வழக்கம்போல மாத்திரை அட்டையை எடுத்து அழுத்தினார்.

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. சத்தம் மட்டும் காதில் விழுந்தது. கைகளில் மயிர் சிலிர்த்து நின்றது. அடுத்தடுத்துக் கொட்டாவி வந்தது, கண்ணில் நீர் கோர்த்தது, வயிறு கலங்கியது. நாக்கின் அடியில் ஒரு கசப்பு. காய்ச்சல் வருகிறது என்று நினைத்துப் போர்த்திக்கொண்டு படுத்துவிட்டார். விடியும்வரை தூக்கம் வரவில்லை. காதில் படகுத்துறைதான் கேட்டுக்கொண்டிருந்ததாம்.

ஆறு மாதமாக உடம்பில் ஒரு துளி மருந்தில்லாத மனிதருக்கு அன்று வந்தவற்றில் பெரும்பாலானவை போதையை நிறுத்தும்போது வரும் விலகல் அறிகுறிகள். இதை முதலில் கூர்ந்து கவனித்தவர்களில் ஒருவர் அமெரிக்காவின் லெக்சிங்டன் நகர மருத்துவமனையில் பணியாற்றிய மருத்துவர் ஆபிரகாம் விக்லர். பல மாதங்களாகத் தெளிந்திருந்த நோயாளிகள் கூட்டமாக உட்கார்ந்து போதையைப் பற்றிப் பேசத் தொடங்கியதுமே கொட்டாவி விடுவதையும் மூக்கை உறிஞ்சுவதையும் 1940களில் அவர் கண்டார். சூழலின் அடையாளங்களே விலகல் அறிகுறிகளைத் தூண்டும்படி உடம்பு பழகிவிட்டது என்பது அவர் வாதம். அது வெறும் ஊகம் அல்ல என்று 1977இல் சார்லஸ் ஓபிரையன் குழுவினர் காட்டினார்கள். மெத்தடோன் என்ற மாற்று மருந்துச் சிகிச்சையில் இருந்தவர்களுக்கு விலகல் அறிகுறியைத் தூண்டும் மருந்தை மிகச் சிறிய அளவில் கொடுத்து, ஒவ்வொரு முறையும் ஒரு ஒலியையும் புதினா வாசனையையும் சேர்த்து வந்தார்கள். பிறகு மருந்தை விட்டுவிட்டு ஒலியும் வாசனையும் மட்டும் தந்தபோதும் கண்ணீரும் மூக்கொழுகலும் வந்தன.

வாசனைக்கே இப்படி என்றால், ஆயிரக்கணக்கான முறை போதைக்கு முன்னறிவிப்பாக ஒலித்த ஒரு அட்டையின் சத்தம் என்ன செய்யாது?

மூளைக்குள் நடந்தது

நடுமூளையில் டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் செல்கள் இருக்கின்றன. அவற்றை இன்பச் செல்கள் என்று சொல்லிச் சொல்லியே பழகிவிட்டோம். நரம்பியலாளர் வோல்ஃப்ராம் ஷூல்ட்ஸ் குரங்குகளில் செய்த சோதனைகள் அதைத் திருத்தின. எதிர்பாராமல் பழச்சாறு கிடைக்கும்போது அந்தச் செல்கள் துடித்தன. சாறுக்கு முன்பு ஒரு விளக்கு எரியும் என்பதைக் குரங்கு கற்றுக்கொண்ட பிறகு துடிப்பு விளக்குக்கு மாறியது. சாறு வரும்போது செல்கள் சும்மா இருந்தன. விளக்கு எரிந்தும் சாறு வரவில்லையென்றால் துடிப்பு வழக்கத்தைவிடக் கீழே போனது. எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் உள்ள வித்தியாசத்தையே அந்தச் செல்கள் சொல்கின்றன. 'இதை நினைவில் வை' என்று மூளைக்குக் கட்டளையிடும் சமிக்ஞை அது.

உணவு, உறவு, பாராட்டு ஆகியவற்றில் அந்தச் சமிக்ஞை பழகப் பழக அடங்கும். எதிர்பார்த்ததே கிடைக்கும்போது கற்க ஒன்றுமில்லை. அபின் வகை மருந்துகள் இந்த ஒழுங்கைக் குலைத்துவிடுகின்றன. டோபமைன் செல்களைக் கட்டுப்படுத்தி வைத்திருக்கும் அண்டைச் செல்களை அவை செயலிழக்கச் செய்வதால், எதிர்பார்த்திருந்தாலும் இல்லாவிட்டாலும் டோபமைன் பெருகுகிறது. இதனால் ஒவ்வொரு ஊசியும் முதல் ஊசியைப் போலவே 'இதை நினைவில் வை' என்ற கட்டளையைத் தந்துகொண்டே இருக்கிறது என்பது பல ஆய்வாளர்களின் கருத்து. இடத்தை மூளையின் ஹிப்போகாம்பஸ் பகுதி பதிகிறது, அச்சத்தையும் ஆசையையும் அடையாளங்களோடு அமிக்டலா பகுதி முடிச்சுப் போடுகிறது, கை தானாக நகரும் பழக்கத்தை அடிமூளைக் கருக்கள் ஏற்றுக்கொள்கின்றன. பள்ளியில் படித்த செய்யுளை மறந்துவிட்ட ஒருவர் படகு மறைவின் டீசல் வாடையை மறக்காததற்கு இதுவே காரணம்.

காலம் இதை ஆற்றிவிடும் என்று வீட்டார் நம்புகிறார்கள். 2001இல் எலிகளில் வெளியான ஒரு புகழ்பெற்ற ஆய்வு நேர்மாறானதைக் கண்டது. கோகைனை நிறுத்திய மறுநாளைவிட, 60 நாள் கழித்து அடையாளங்களைக் காட்டியபோது எலிகளின் தேடல் கூடியிருந்தது. மாந்தோப்பில் அவர் கழித்த அமைதியான மாதங்களில் அவருடைய மூளையிலும் அப்படி நடந்திருக்கலாம் என்று நான் சந்தேகிக்கிறேன். நிரூபிக்க வழியில்லை.

பழவேற்காட்டில்

அந்த இரவுக்குப் பிறகு அவர் ஐந்து வாரம் தாக்குப்பிடித்தார். வேலைக்குப் போனார், பழைய நண்பர்களைத் தவிர்த்தார், படகு மறைவுப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. ஒரு நாள் கூலித் தகராறில் மனம் நொந்து அங்கே போனார். அன்றிலிருந்து சில நாட்களுக்கு ஒரு முறை, பழைய அளவில் பாதிக்கும் குறைவாக, அதே இடத்தில் போட்டுக்கொண்டார். மறுபடி விழுந்ததை அம்மாவிடம் சொல்லக் கூச்சம்.

பிறகு பழவேற்காட்டில் உறவினர் திருமணம். கல்யாண மண்டபத்தின் கழிப்பறையில், தனியாக, பழைய முழு அளவைப் போட்டுக்கொண்டார். அதற்கு முன்பு மதுவும் குடித்திருந்தார். கதவைத் தட்டிப் பார்த்து உடைத்தவர் அவருடைய மாமா. உதடு நீலம் பாரித்திருந்தது. 108 ஆம்புலன்ஸ் வந்தது. மருத்துவமனையில் அபின் வகை மருந்தை முறிக்கும் நாலாக்சோன் ஊசி போட்டார்கள், மூச்சு திரும்பியது.

ஆறு மாத இடைவெளியில் உடம்பின் தாங்குதிறன் இறங்கியிருந்தது. மது மூச்சை மேலும் அமுக்கியது. இந்த இரண்டையும் எல்லா மருத்துவர்களும் சொல்வார்கள். மூன்றாவதாக ஒன்று உண்டு, அதை அதிகம் பேர் பேசுவதில்லை: இடம் புதிது.

கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஷெப்பர்ட் சீகல் 1982இல் வெளியிட்ட சோதனையை நான் பயிற்சி வகுப்புகளில் தவறாமல் சொல்வேன். எலிகளுக்கு ஒரே அறையில் ஹெராயினைச் சிறிது சிறிதாகக் கூட்டிக் கொடுத்துப் பழக்கினார்கள். கடைசியில் எல்லாவற்றுக்கும் ஒரே பெரிய அளவு. ஹெராயினையே அறியாத எலிகளில் ஏறக்குறைய 96 சதவீதம் செத்தன. பழகிய எலிகளுக்கு அதே அளவை வேறு அறையில் கொடுத்தபோது 64 சதவீதம் செத்தன. பழகிய அறையிலேயே கொடுத்தபோது 32 சதவீதம். மருந்து ஒன்றே, அளவும் ஒன்றே; இடம் மாறியதும் சாவு இரண்டு மடங்கானது. பழகிய இடத்தைக் கண்டதுமே உடம்பு, வரப்போகும் மருந்தை எதிர்த்து நிற்கத் தன்னைத் தயார் செய்துகொள்கிறது. அம்மாவின் மாத்திரைச் சத்தம் கேட்டு அவருக்கு வந்த கொட்டாவியும் மயிர்ச்சிலிர்ப்பும் அந்தத் தயாரிப்பின் இன்னொரு முகம். பழவேற்காட்டு மண்டபத்தில் அந்தத் தயாரிப்பு நடக்கவில்லை.

மூன்று காரணங்களில் எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் மறுவாழ்வு மையத்திலிருந்து வெளியே வரும் ஒவ்வொருவரிடமும், அவருடைய குடும்பத்தாரிடமும் இந்த ஆபத்தை நேருக்கு நேர் சொல்லித்தான் அனுப்ப வேண்டும். இவரிடம் யாரும் சொல்லவில்லை. எனக்கு இதில் ஆற்றாமை இருக்கிறது. ஒரே ஒரு பத்து நிமிடப் பேச்சு அது.

ஊர் மாறினால் போதுமா?

அவருடைய மாமா கேட்ட கேள்வி நியாயமானது: "இவனைத் தூத்துக்குடிக்கு அனுப்பிவிட்டால் சரியாகிவிடுமா சார்?" வியட்நாம் போரிலிருந்து திரும்பிய அமெரிக்கச் சிப்பாய்களை லீ ராபின்ஸ் 1970களில் தொடர்ந்து ஆய்வு செய்தார். அங்கே ஹெராயினுக்கு அடிமையாகியிருந்தவர்களில் ஊர் திரும்பிய முதல் ஆண்டில் மறுபடி அடிமையானவர்கள் ஏறக்குறைய 5 சதவீதம். மூன்று ஆண்டுக்குள் 12 சதவீதம். போதை பழகிய மண்ணை விட்டு வந்தது அவர்களுக்குக் காப்பாக அமைந்தது. நம் இளைஞருக்கு நடந்தது அதன் தலைகீழ். தெளிந்தது மாந்தோப்பில், திரும்பியது படகுத்துறைக்கு.

ஆனாலும் அந்த முடிவை அப்படியே இங்கே கொண்டுவர எனக்குத் துணிவில்லை. அந்தச் சிப்பாய்களில் பெரும்பாலோர் புகைத்தவர்கள், ஊசி போட்டவர்கள் அல்ல. ஊரில் அவர்களுக்கு அது மலிவாகவும் கிடைக்கவில்லை. தூத்துக்குடியிலும் துறைமுகம் உண்டு, டீசல் வாடை உண்டு, மாத்திரை அட்டை எந்த வீட்டில்தான் இல்லை? எல்லாவற்றுக்கும் மேலாக, அம்மா இங்கே இருக்கிறார், கூலி இங்கே இருக்கிறது. ஏழைக்கு ஊர் மாற்றம் என்பது பெரும்பாலும் சொல்லிவிட்டுப் போகும் அறிவுரையாகவே முடிகிறது. அவரை இங்கேயே வைத்துச் சரிசெய்வது என்று தீர்மானித்தோம்.

செய்த சிகிச்சை

முதல் வேலை, மனநல மருத்துவரின் மேற்பார்வையில் புப்ரினார்ஃபின். நாக்கின் அடியில் வைத்துக் கரைக்கும் மாத்திரை. அதே ஏற்பிகளில் இறுக ஒட்டிக்கொள்ளும், ஆனால் அரைகுறையாகவே தூண்டும். தவிப்பை அடக்கும், மேலே வேறு மருந்து போட்டாலும் பழைய போதை ஏறாது. "ஒரு போதையை விட்டு இன்னொரு போதையா சார்?" என்று அவரே கேட்டார். தெருவில் எல்லோரும் அதைத்தான் கேட்கிறார்கள். அடிமைத்தனம் என்பது உடம்பில் மருந்து இருப்பது அல்ல தம்பி, அந்த மருந்தைத் தேடி வாழ்க்கை ஓடுவது என்று சொன்னேன். அவசரப்பட்டு அதை நிறுத்தச் சொல்வோரின் பேச்சைக் கேட்டு உயிரிழப்பின் விளிம்புக்குப் போனவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது அந்தச் சத்தம். ஆலோசனை அறையில் மாத்திரை அட்டையை அழுத்திக் காட்டி, படகுத்துறையின் ஒலிப்பதிவைக் கேட்க வைத்து, தவிப்பு ஏறி இறங்கும்வரை உட்கார வைக்கும் பயிற்சி. நான்கைந்து அமர்வுகளில் அறையில் தவிப்பு அடங்கிவிட்டது. வீட்டுக்குப் போன அன்றிரவு அம்மா அட்டையை எடுத்ததும் பழையபடி மயிர் சிலிர்த்தது. இது எதிர்பார்த்ததுதான். உளவியலாளர் மார்க் பௌட்டனின் ஆய்வுகள் காட்டியபடி, இத்தகைய பயிற்சி பழைய நினைவை அழிப்பதில்லை. 'இந்தச் சத்தத்துக்குப் பின் எதுவும் வராது' என்ற புதிய நினைவை அதன் மேல் வைக்கிறது. பழைய நினைவு எங்கே போனாலும் கூடவே வரும். புதியது கற்ற இடத்திலேயே தங்கிவிடும். அடையாளங்களைக் காட்டித் தணிக்கும் சிகிச்சைகளை 2002இல் ஒட்டுமொத்தமாக ஆராய்ந்த காங்க்லினும் டிஃபனியும் பயன் குறைவு என்று கண்டதற்கு இது ஒரு காரணம்.

அதனால் பயிற்சியை வீட்டுக்கே கொண்டுபோனோம். அம்மா முதலில் தயங்கினார். "என் பிள்ளையை நானே வதைக்கச் சொல்கிறீர்களே ஐயா" என்றார். விளக்கிச் சொன்ன பிறகு ஒப்புக்கொண்டார். அதே அறை, அதே நேரம், தொலைக்காட்சி ஓட, நான் பக்கத்தில் இருக்க. பிறகு அட்டையை அவர் கையில் கொடுத்து, அம்மாவுக்கு அவரே மாத்திரை எடுத்துத் தரச் செய்தோம். இப்போது அது அவருடைய அன்றாட வேலை. வீட்டில் நிலைத்த பிறகு தெரு, அதன் பின் பகலில் ஏலக்கூடம், கடைசியில் விடியற்காலை. புப்ரினார்ஃபின் சரியான அளவில் இருந்ததால்தான் இதைச் செய்தோம். மருந்தின் காப்பில்லாமல் யாரும் இதை வீட்டில் செய்து பார்க்கக் கூடாது.

நினைவையே அழித்துவிட ஊசி இல்லையா என்று ஒரு நாள் கேட்டார். கேள்வி வெறும் கற்பனையல்ல. 2000இல் கரீம் நாடெர், ஜோசப் லெடூ குழுவினர், நினைவுகூரப்படும் ஒரு நினைவு சிறிது நேரம் இளகி நிற்கிறது, மறுபடி உறுதிப்பட்டாக வேண்டும் என்று எலிகளில் காட்டினார்கள். 2012இல் சீன ஆய்வாளர்கள் அந்த இளகும் நேரத்தை மனிதர்களிடம் பயன்படுத்தினார்கள். தெளிந்த ஹெராயின் அடிமைகளுக்குச் சிறிது நேரம் போதைக் காட்சிகளைக் காட்டி, 10 நிமிடம் கழித்துத் தணிப்புப் பயிற்சி தந்தபோது தவிப்பு குறைந்தது. 180 நாள் கழித்தும் குறைந்தே இருந்தது. 6 மணி நேரம் கழித்துப் பயிற்சி தந்தவர்களுக்கு அந்தப் பலன் இல்லை. எனக்கு இதில் பெரிய நம்பிக்கை இருக்கிறது. ஆனால் அது அளந்தது தவிப்பை, தெருவுக்குத் திரும்பிய பின் நடக்கும் வாழ்க்கையை அல்ல. வீட்டுப் பயிற்சியில் நாங்களும் முதலில் சத்தத்தை ஒரு முறை கேட்க வைத்து, பத்து நிமிடம் இடைவெளி விட்டுத் தொடங்கினோம். அவருக்குக் கிடைத்த பலனில் அதன் பங்கு என்ன என்று ஒரே ஒரு ஆளை வைத்துச் சொல்ல முடியாது.

இப்போதைய நிலை

ஐஸ் வேலையை விட்டு வலை பின்னும் வேலைக்கு மாறியிருக்கிறார். கூலி குறைவு, ஆனால் விடியற்காலையில் துறைக்குப் போக வேண்டியதில்லை. தோள்பட்டைக்கு இயன்முறை சிகிச்சை நடக்கிறது. வலியைச் சரிசெய்யாமல் வலி நிவாரணியை மட்டும் பறிப்பது அநியாயம். இடையில் ஒரு முறை ஒரு மாத்திரையை விழுங்கிவிட்டார். மறுநாள் காலை அவரே வந்து சொன்னார். சொல்லும் இடம் ஒன்று இருந்தது என்பதை அந்தச் சறுக்கலைவிடப் பெரிய செய்தியாகக் கருதுகிறேன். மூச்சு மெதுவாகி உதடு நீலமானால் ஒருக்களித்துப் படுக்கவைத்து 108ஐ அழைக்க வேண்டும் என்று அம்மாவுக்கும் மாமாவுக்கும் செய்து காட்டியிருக்கிறோம். போதை மீட்புக்கான தேசிய இலவச உதவி எண் 14446 அவர்கள் வீட்டுச் சுவரில் எழுதப்பட்டிருக்கிறது.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். படகுகள் எல்லாம் பழுதுபார்க்கக் கரையேறும்; பழைய நண்பர்கள் வேலையின்றி அந்த மறைவிலேயே இருப்பார்கள். அந்த இரண்டு மாதத்துக்கு அவருடைய மருந்தின் அளவைக் குறைப்பதில்லை என்று மருத்துவர் முடிவு செய்திருக்கிறார். வாரம் ஒரு முறை வந்தவர் வாரம் இரண்டு முறை வருவார். வலை வேலையைத் துறைமுகத்தில் செய்யாமல் மாமா வீட்டுத் திண்ணையில் செய்ய ஏற்பாடாகியிருக்கிறது.